பெட்டி நிரம்பிய நேரம்

கீலி தெரேங் தீவு
துல்கஅதா பிறை ஒன்பது, சனிக்கிழமை

என் அருமை மகன் சப்வானுக்கு, உன்னைப் பெற்றவள் எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும்.

அங்கே ஜொகூரில் நீ உடம்புக்கு ஒன்றுமில்லாமல் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு ஐந்து வேளைத் தொழுகையும் தவறாமல் இருக்கவேண்டும் என்று ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் கையேந்துகிறேன். இங்கே யாவரும் சுகம் என்று அடுத்த வரி எழுதவேண்டும், கடிதம் என்றால் அப்படித்தானே தொடங்கும், ஆனால் இத்தனை வருஷத்தில் நான் பேனல் கணக்கு நோட்டில் ஒரு பொய் வரி எழுதியதில்லை, கடிதத்தில் மட்டும் எதற்கு என்று அந்த வரியை விட்டுவிடுகிறேன். உன் தங்கை ஸுஹ்ரியா சுகம், அவளுக்கு ஏழு மாதம் நடக்கிறது, அக்கரையில் மாமியார் வீட்டில் நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள், புளிப்பாக எதையாவது கேட்டுக்கொண்டே இருக்கிறாள். ஆடுகள் சுகம். சுகமில்லாதவர் உன் அப்பா. போனில் உன்னிடம் சளி என்று சொல்லியிருப்பார். நீயும் சளி என்றே நினைத்திருப்பாய். நீ அவரோடு பேசி முடித்து அவர் போனை என் கையில் தரும்போது நீ ஸலாம் சொல்வாய், வேலை இருக்கு இனாக் என்று வைத்துவிடுவாய், நான் அதற்குள் எதைச் சொல்வது. அதனால்தான் எழுதுகிறேன். எழுத வேறு ஒரு காரணமும் இருக்கிறது, உன் கையெழுத்து வேண்டும், அதைப் பின்னால் சொல்கிறேன்.

அது சளி இல்லை மகனே. மூன்று மாதமாகப் பள்ளிவாசல் படி நான்கு ஏறுவதற்குள் இரண்டு தடவை நிற்கிறார். பேசிக்கொண்டே இருப்பார், நடுவில் வார்த்தை தீர்ந்துபோனதுபோல நிறுத்திவிட்டுக் கடலைப் பார்ப்பார், கேட்டால் மீன் துள்ளுச்சு புள்ளே அதைப் பாத்தேன் என்பார். போன மாதக் கடைசியில் அக்கரைக்கு அழைத்துப்போய் ஆஸ்பத்திரியில் காட்டினேன். டாக்டர் சின்ன வயசுப் பெண், நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, பீடி சிகரெட் எத்தனை என்று கேட்டாள். வாழ்க்கையில் தொட்டதில்லை என்றேன். அப்புறம் இவ்வளவு புகை எங்கிருந்து போச்சு என்றாள். அப்போதுதான் உன் அப்பா ஊருக்குத் தண்ணீர் இறைக்கும் டீசல் பம்பு ஓட்டுகிறவர் என்று சொன்னேன். தினம் எத்தனை மணி நேரம், எத்தனை வருஷம் என்று கேட்டாள், அவர் இருமிக்கொண்டே ஏதோ கொஞ்ச நேரம் என்று மழுப்பினார். நான் பையிலிருந்து பேனலும் பம்பும் ஓடும் நேரம் குறிக்கும் நோட்டை எடுத்தேன். எனக்குத்தான் தெரியுமே, நான்தானே எழுதுகிறேன். அதற்குமேல் அங்கே நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் சில பழைய விஷயங்களை வரிசையாகச் சொல்லவேண்டும், உனக்குத் தெரிந்ததும் உண்டு, தெரியாததும் உண்டு.

பிடியரிசி உனக்கு நினைவிருக்கும். மாலையில் உலை வைக்கும்போது ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிடி அரிசியைச் சிரட்டையில் எடுத்து வைப்போம், வெள்ளிக்கிழமை நான் கூடையோடு நாற்பது வீட்டுக்கும் போய் வாங்கி வருவேன். ஐந்து வருஷம் அப்படி வாங்கி அக்கரைச் சந்தையில் கொடுத்துச் சேர்த்ததில் ஏழு சோலார் பேனல் வந்தது. எட்டாவது உன்னுடையது, அக்கரையில் சோலார் கடையில் வேலைக்குச் சேர்ந்து முதல் ஆறு மாதச் சம்பளத்தில் வாங்கி நீயே படகில் மடியில் வைத்துக் கொண்டுவந்தாய், கண்ணாடியில் உப்புத்தண்ணீர் படக்கூடாது என்று உன் சட்டையைக் கழற்றிப் போர்த்தியிருந்தாய், கரையில் இறங்கும்போது வெறும் உடம்போடு நடுங்கிக்கொண்டிருந்தாய். ஊர் எத்தனை வைக்கிறதோ அத்தனை நாங்கள் வைக்கிறோம் என்று மாவட்டத்தில் சொல்லியிருந்ததால் எட்டு பதினாறானது. பள்ளிவாசல் கூரையில் பதினாறு பேனலும் ஏறிய அன்று தீவே அண்ணாந்து நின்றது. பெண்களின் அரிசியில் வந்தது என்பதால் அதற்குப் பொறுப்பாளராக என்னைத்தான் போட்டார்கள், மூன்றாம் வகுப்போடு நின்றவளை. எனக்கு அன்று தலை கூரைக்கு மேலே இருந்தது, அல்லாஹ் மன்னிக்கட்டும்.

வக்ஃபுப் பத்திரத்தை எழுதியது நான். மதரஸாவில் கிடந்த பழைய சட்டக் கிதாபைப் பார்த்து, நானே அர்த்தம் பண்ணிக்கொண்டு எழுதினேன். அல்லாஹ்வுக்கு என்று எழுதிக் கொடுத்துவிட்டதை விற்கமுடியாது, இடம் மாற்றமுடியாது, எந்தக் காரியத்துக்குக் கொடுத்தார்களோ அந்தக் காரியத்தைத் தவிர வேறு எதற்கும் எடுக்கவும் முடியாது, இவ்வளவும் எனக்குத் தெரியும். அதனால் இந்த மின்சாரம் பள்ளிவாசலின் விளக்குக்கும் பாங்கு ஒலிபெருக்கிக்கும் ஆறு மின்விசிறிக்கும், வேறு எதற்கும் தொடக்கூடாது என்று எழுதினேன். அதைப் பள்ளிவாசல் முற்றத்தில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து வாங்கினேன், அதில் குறை இல்லை. ஆனால் எப்படி வாசித்தேன் தெரியுமா, முன்னும் பின்னும் அரபியில் புகழ்ந்து, ராகத்தோடு ஒரே மூச்சாக வாசித்தேன். துஆ ஓதுகிறேன் என்று நினைத்து நாற்பது வீட்டாரும் கையேந்தி ஆமீன் ஆமீன் என்றார்கள். எழுதத் தெரிந்தவர்கள் கையெழுத்து, மற்றவர்கள் ரேகை. யாரும் எதையும் கேட்கவில்லை. நானும், அரிசி போட்டபோது நீ மனசில் என்ன நினைத்தாய் என்று ஒருத்தியிடமும் கேட்கவில்லை. நீ அன்றைக்குப் பேட்டரிக்குக் கம்பி இழுத்துக்கொண்டிருந்தாய், உன் கையெழுத்தையும் நான்தான் ஓடிவந்து வாங்கினேன், நீ படிக்காமல் போட்டாய், நான் எழுதியது என்பதற்காக.

அதற்கு அடுத்த வருஷம் நடந்த கூட்டத்தை நான் எழுதவேண்டியதில்லை, ஆனாலும் எழுதுகிறேன், என் பக்கத்தை நானே எழுதிப் பார்க்கவேண்டும். டீசலை விடுகிற தீவுக்குச் சூரியப் பம்பு மோட்டார் சும்மா தருகிறார்களாம், பேனல் ஊரிடம் இருக்கவேண்டும், பேனல் பொறுப்பாளர் சம்மதக் கடிதம் கொடுத்தால் போதும் என்று நீ மாவட்டத்திலிருந்து படிவம் கொண்டுவந்தாய். பள்ளிவாசல் பேட்டரி காலையிலேயே நிரம்பிடுது, அதுக்கப்புறம் வர்ற வெயில் வீணாத்தான் போகுது, அதை எடுத்துப் பம்புக்குக் குடுப்போம், பேட்டரிதான் முதல்ல, அது நிரம்பினாத்தான் பம்பு ஓடும், பாங்குக்கு ஒரு குறையும் வராது என்று படம் போட்டு விளக்கினாய். தீவுத் தலைவர் அமாக் மிஸ்பா உட்பட எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் எழுந்து, அல்லாஹ்வின் வீட்டு விளக்குக்குக் கொடுத்ததைக் குடத்துக்கும் குளிக்கவும் எடுத்தால் மறுமையில் நான் பதில் சொல்லமுடியாது என்றேன். அதற்கு நீ, ஏன் இனாக், வெயிலையுமா வக்ஃபு எழுதி வாங்கிட்டீங்க என்றாய். கூட்டம் சிரித்தது. யாரையும் விடாத வாய்க்காரி இனாக் ருமினி சிரித்த சிரிப்பு கடைசிப் படகுவரை கேட்டிருக்கும். கோபம் என் கண்ணை மறைத்துவிட்டது. உனக்கு அவ்வளவு அவசரம்னா எங்கயாவது போய் வெயில வித்துப் பொழச்சுக்கோ என்றேன், நாற்பது வீட்டுக்கு முன்னால், பெற்ற பிள்ளையை. நீ படிவத்தை நான்காக மடித்தாய், கிழிக்கவில்லை, என் பக்கத்தில் பாயில் வைத்துவிட்டுப் போனாய். பன்னிரண்டு நாளில் மலேசியாவுக்குக் கிளம்பிவிட்டாய். இப்போது அங்கே யார் யார் வீட்டுக் கூரையிலேயோ ஏறிப் பேனல் மாட்டுகிறாய் என்று கேள்விப்படும்போதெல்லாம் நான் சொன்னபடியே நடந்துவிட்டதே என்று நாக்கைக் கடித்துக்கொள்கிறேன். தாய் வாயில் வருகிற எல்லாச் சொல்லும் பலிக்கவேண்டும் என்பதில்லையே.

இனி உனக்குத் தெரியாதது. பம்புக் கொட்டகைக்கு முன்பு ஓலைச் சுவர் இருந்ததல்லவா, காற்று இந்தப் பக்கம் வந்து அந்தப் பக்கம் போகும். நீ அக்கரையில் வேலை கற்றுக்கொண்டிருந்தபோது அதற்கு நான்கு பக்கமும் பலகை அடித்தார்கள். திரும்பி வந்து பார்த்துவிட்டு எந்த மடையன் இதை அடைச்சது, உள்ள மனுஷன் இருக்கான்னு தெரியாதா என்று அமாக் மிஸ்பாவோடு சண்டைக்குப் போனாய், அவர் தலையைக் குனிந்துகொண்டு வாங்கிக்கட்டிக்கொண்டார். அந்த மடையன் நான். கொட்டகை பள்ளிவாசலுக்குப் பதினைந்து அடிதானே, மத்தியானம் லுஹர் பாங்கில் இன்ஜின் சத்தம் கலக்கிறது, தொழுகையில் மனசு நிற்கவில்லை என்று நான்தான் உன் அப்பாவிடம் அடைக்கச் சொன்னேன். பலகையை அவரே வாங்கி வந்து, அவரே ஆணி அடித்தார், சந்து இருந்தால் சத்தம் வரும் என்று நான் காட்டிய இடத்திலெல்லாம் தேங்காய் நாரைத் திணித்தார். அன்றுமுதல் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்து ஓட்டினார். நான் பள்ளிவாசலில் நிம்மதியாகத் தொழுதேன். பிள்ளை ஊராரைத் திட்டியபோதுகூட உங்க அம்மாதான் சொன்னா என்று அவர் வாயைத் திறக்கவில்லை, உனக்கும் எனக்கும் நடுவில் இன்னொரு பலகை வேண்டாம் என்று நினைத்திருப்பார்.

ஆஸ்பத்திரிக்கு வருகிறேன். நோட்டைத் திறந்து, காலை ஒன்பது நாற்பதுக்கு ஆரம்பிப்பார் டாக்டரம்மா, ஒன்றரைக்கு நிறுத்துவார், டீசல் படகு வராத நாள்தான் லீவு என்று விரலை வைத்துக் காட்டினேன். அவள் வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்து, அதே பக்கத்தில் இடது பக்கம் இருந்ததைக் காட்டி, இது என்ன நேரம்மா என்று கேட்டாள். அது பள்ளிவாசல் பேட்டரி நிரம்பின நேரம், பேட்டரிப் பெட்டியில பச்சை விளக்கு அசையாம நின்னா குறிச்சு வையுங்கன்னு என் மகன் சொல்லிக்குடுத்தான் என்றேன். நிரம்பினப்புறம் என்றாள். அப்புறம் ஒண்ணுமில்ல, பெட்டி போதும்னு நிறுத்திடும் என்றேன். அப்ப பேனல் என்றாள். அது சும்மா வெயில்ல கிடக்கும் என்றேன். சொல்லிவிட்டு நானே நோட்டைப் பார்த்தேன் சப்வான். நடுவில் நான் அளவுகோல் வைத்துப் போட்ட கோடு. இடது பக்கம் ஒன்பது முப்பத்தைந்து, பெட்டி நிரம்பியது. வலது பக்கம் ஒன்பது நாற்பது, இன்ஜின் ஆரம்பம். அடுத்த நாள் ஒன்பது முப்பது, ஒன்பது நாற்பது. அடுத்த நாள் ஒன்பது இருபத்தைந்து, ஒன்பது நாற்பது. பக்கத்தைத் திருப்பினால் அதுவே, திருப்பினால் அதுவே. மூன்று வருஷமாக என் கையாலேயே, அழகான எழுத்தில், ஒரு வரி விடாமல், பேனலுக்கு வேலை முடிகிற ஐந்து பத்து நிமிஷத்தில் உன் அப்பா அந்த அடைத்த கொட்டகைக்குள் போவதை எழுதிவைத்திருக்கிறேன். இரண்டையும் ஒரே நாளில் ஒரே பேனாவில் எழுதியிருக்கிறேன், ஒரு நாளாவது குறுக்கே படிக்கவில்லை. டாக்டர் உன் அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், நோட்டை மூடிக் கையில் கொடுத்துவிட்டு, இனிமே இவர் அந்தக் கொட்டகைக்குள்ள போகக்கூடாது என்று மட்டும் சொன்னாள்.

படகுத்துறைக்குப் போகாமல் நேரே மார்க்கம் கற்ற பெரியவர் துவான் குருவின் மதரஸாவுக்குப் போனேன், உன் அப்பாவை வெளியே மரத்தடியில் உட்காரவைத்துவிட்டு. பத்திரத்தின் நகலைக் கொடுத்தேன். துவான் குரு கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார், நல்லா எழுதியிருக்கே, யார் சொல்லிக்குடுத்தது என்றார், யாரும் இல்லை என்றேன், அது தெரியுது என்றார். பிறகு, இந்த நாற்பது வீட்டுக்காரங்களும் இதுக்குன்னுதான் கொடுத்தோம்னு உன்கிட்ட சொன்னாங்களா என்று கேட்டார். கேட்கவில்லை என்றேன். அவர் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வக்ஃபுல கொடுத்தவன் மனசுல நெனச்ச நிய்யத்துதான்மா பெரிசு, அது மேல நாம கைவைக்கக்கூடாதுன்னு நீ படிச்சது சரிதான், ஆனா நீ உன்னோட நிய்யத்த எழுதிட்டு அதுக்கு அடியில மத்தவங்க பேரப் போட்டிருக்கியே என்றார். ஒவ்வொரு வீடாகப் போய்க் கொடுத்தபோது என்ன நினைத்தார்கள் என்று கேள், உனக்கு வேண்டியதைச் சொல்லிக்கொடுக்காதே, அவர்கள் வாயிலிருந்து வந்ததை அப்படியே எழுது, உயிரோடு இருக்கிற எல்லோரும் ஊருக்கு என்று நினைத்துத்தான் கொடுத்தோம் என்றால் எழுதியவள் பிழை என்று வக்ஃபு அலுவலகத்தில் திருத்தித்தருகிறேன், ஒருத்தர் பள்ளிவாசலுக்கு மட்டும்தான் என்றாலும் அப்படியே விட்டுவிடு என்றார். மாவட்டத்தில் அந்தப் பம்புத் திட்டம் இந்த வருஷத்தோடு முடிகிறதாம், ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்தின வாரம் பட்டியலை மூடுகிறார்களாம், அதற்குள் திருத்திய பத்திரமும் என் சம்மதக் கடிதமும் போகவேண்டும்.

ஆக மறுபடி கூடையில்லாமல் நாற்பது வீட்டுப் படி ஏறினேன். முதலில் இனாக் ருமினி வீடு, கஷ்டமானதை முதலில் முடித்துவிடுவோம் என்று. வாங்க பொறுப்பாளரம்மா, ஐந்து வருஷம் அரிசிய வாங்கிட்டுப் போனீங்க, இப்ப என்ன, திருப்பிக் குடுக்கவா என்றாள். விஷயத்தைச் சொன்னேன். இடுப்பில் கைவைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். நான் நெனச்சது ஒண்ணே ஒண்ணுதான்டீ, டீசல் வராத நாள்ல ஆறு குடம் தூக்காம ஒரு நாள் நீட்டிப் படுக்கணும், அல்லாஹ் வீட்டு லைட்டுக்கு நான் எதுக்குக் கவலப்படணும், அவன்கிட்டதான் நிலாவே இருக்கே என்றாள். சொல்லிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டு தௌபா தௌபா, அதை எழுதாதே என்றாள், துவான் குரு அப்படியே எழுதச் சொல்லியிருக்கிறார் என்றேன், அப்ப நிலாவ மட்டும் எடுத்துடு என்றாள். அமாக் மிஸ்பா, எனக்கென்ன தெரியும், அரிசி போட்டது என் பொண்டாட்டி, அவ மனசுல என்ன இருக்குன்னு முப்பது வருஷமா நானே தேடிக்கிட்டிருக்கேன் என்றார், அவள் உள்ளிருந்து, தண்ணிதான், எழுதிக்கோ என்றாள். பதினேழு வீட்டில் தண்ணீர் என்றார்கள், பிள்ளைகள் படிக்க என்று சிலர், படகுக்கு மின்சார மோட்டார் வரும் என்று நீ சொன்னதைக் கேட்டு அதற்காகப் போட்டேன் என்று இரண்டு பேர், ஒன்றும் நினைக்கவில்லை, நீ கேட்டாய் போட்டேன் என்று பலர். அப்படிச் சொன்னவர்கள் எல்லோரும் ஊருக்குத்தானே என்று முடித்தார்கள். பாங்கு சொல்கிற பிலால் அமாக் சனாப் மட்டும் பயந்தார், மழை மூட்டத்துல விடியக்கால சுபுஹு பாங்கு எடுபடாமப் போயிட்டா என்றார். நோட்டைக் காட்டினேன், மூட்டமான நாளிலும் ஒரு மணிக்காவது பெட்டி நிரம்பியிருக்கிறது, பெட்டி நிரம்பின பிறகுதான் பம்பு, நிரம்பாத நாளில் பம்பு இல்லை, சப்வான் போட்ட படத்தில் அப்படித்தான் இருக்கிறது என்றேன். இது உங்களுக்கு அப்பத் தெரியாதா என்றார். தெரியும் என்றேன். போன வருஷம் கூரைத் தகரத்துக்கு அடியில் பெண்கள் எல்லோரும் சேர்ந்து நாணல் முடைந்து கட்டியதிலிருந்து பள்ளிவாசலில் வெக்கை பாதிதான், மின்விசிறி ஆறில் இரண்டுதான் சுற்றுகிறது, பெட்டி இன்னும் சீக்கிரம் நிரம்புகிறது, அதையும் நான்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன், எதற்கு எழுதினேனோ.

நம் வீட்டுக்கு வந்தேன். நம் வீட்டு அரிசியை எடுத்துவைப்பது உன் அப்பாதானே, நான் மறந்துவிடுவேன் என்று அவரே சிரட்டையில் போட்டு மூடிவைப்பார். நீங்க என்ன நெனச்சுப் போட்டீங்க என்று நோட்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன். எனக்கே சிரிப்பு வந்தது, அவருக்கும் வந்தது, சிரித்தால் இருமல் வரும் என்று வாயைப் பொத்திக்கொண்டார். என்ன புள்ளே, நீ மண்ணெண்ணெய் விளக்குல குனிஞ்சு குனிஞ்சு ஓதிக்கிட்டிருந்தே, காலையில பாத்தா மூக்கெல்லாம் கரியா இருக்கும், இந்தப் புகை உனக்கு ஆகாதேன்னு நெனச்சேன், பள்ளிவாசல்ல லைட் வந்தா நீ அங்க போய் ஓதுவேன்னு போட்டேன் என்றார். நான் அதை எழுதினேன். எழுதும்போது என்னால் வரியை நேராகப் போடமுடியவில்லை, நீ வந்தால் பார், அந்த ஒரு வரி மட்டும் கீழே இறங்கியிருக்கும். நீயும் எழுது புள்ளே என்றார். என்னிடம் யாரும் கேட்காததால் நான் என்னையே கேட்டேன். நான் எதை நினைத்து வேறு எதற்கும் தொடக்கூடாது என்று எழுதினேன்? அல்லாஹ்வுக்குப் பயந்து என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். இல்லை மகனே. பம்பு ஓட்டுகிறவன் பெண்டாட்டி ஊர்ச் சொத்தை வளைத்துப் புருஷன் வேலையைச் சுலபமாக்கிக்கொண்டாள் என்று நாலு பேர் சொல்லிவிடக்கூடாது என்று பயந்தேன். நீ படிவத்தோடு வந்து நின்றபோதும் அதுதான், தாயும் மகனும் கூடிப் பேசிக்கொண்டார்கள் என்பார்களே என்று. நான் பயந்தது இனாக் ருமினியின் வாய்க்கு. அவளோ ஒரு நாள் நீட்டிப் படுக்கவேண்டும் என்று மட்டுமே நினைத்திருக்கிறாள். இதையும் நோட்டில் என் பெயருக்கு எதிரே எழுதிவிட்டேன், துவான் குரு படிப்பார், படிக்கட்டும்.

டாக்டர் சொல்லியும் உன் அப்பா கொட்டகைக்குப் போவதை நிறுத்தவில்லை. வேறு யார் திருகினாலும் அந்த இன்ஜின் நின்றுவிடுகிறது, அமாக் மிஸ்பா இரண்டு நாள் முயன்று கையைச் சுட்டுக்கொண்டார், மேட்டு வீடுகளில் தண்ணீர் இல்லை, குடத்தோடு பெண்கள் வரிசையாக நம் வாசலைக் கடந்து போவதைப் பார்த்துக்கொண்டு அவரால் உட்காரமுடியவில்லை. அதனால் நான் செய்யமுடிந்ததைச் செய்தேன். போன வியாழக்கிழமை கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய்க் கொட்டகைப் பலகையை நானே பெயர்த்தேன், நாரையெல்லாம் பிடுங்கி எறிந்தேன், கை இன்னும் வீங்கியிருக்கிறது, எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம். இப்போது புகை பாதிக்குமேல் வெளியே போகிறது. சத்தம் முழுவதும் பள்ளிவாசலுக்குள் வருகிறது. லுஹர் தொழுகையில் இமாம் சொல்லும் தக்பீர் காதில் விழுவதில்லை, பிலால் முகம் சுளித்தார், கேக்கட்டும், எல்லாரும் கேக்கணும்னுதான் பேத்தேன் என்றேன். தொழும்போது அந்தச் சத்தத்துக்கு நடுவில் அவர் இருமுகிறாரா என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறேன், இது என்ன தொழுகையோ, ஏற்றுக்கொள்வது அவன் இஷ்டம். பலகையைப் பெயர்த்தது போதாது, டாக்டர் சொன்னது குறைச்சலாகப் போ என்றல்ல, போகாதே என்று. இந்த வறட்சிக்காலம் முழுவதும் நாலு மணி நேரம் ஆறு மணி நேரமாகும், அதை அவர் தாங்கமாட்டார், எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

நாற்பது வீட்டுச் சொல்லும் வாங்கிவிட்டேன், காலமானவர்கள் இரண்டு பேருக்கு அவர்கள் பிள்ளைகள் சொன்னார்கள். பள்ளிவாசலுக்கு மட்டும் என்று ஒருத்தரும் சொல்லவில்லை, உன் அப்பா நினைத்த லைட்டும் என் மூச்சுக்காகத்தான். நாற்பத்தொன்றாவது பெயர் உன்னுடையது. எட்டாவது பேனல் யாருடைய அரிசியும் இல்லை, உன் சம்பளம், உன் நிய்யத்து. அது இல்லாமல் துவான் குரு திருத்தமாட்டார், போனில் சொன்னது செல்லாது, காகிதத்தில் உன் கையால் எழுதி ஒப்பமிடவேண்டும். இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிறவன் அமாக் மிஸ்பாவின் மருமகன், அங்கே இரண்டு வாரம்தான் இருப்பான், பெருநாளுக்கு ஊர் திரும்புகிறான், அவன் கிளம்புவதற்கு முன் அவனிடம் கொடுத்தால் பட்டியல் மூடுவதற்குள் வந்துசேரும். இதோடு ஒரு வெள்ளைத்தாள் வைத்திருக்கிறேன், மேலே உன் பெயரையும் எட்டாவது பேனல் என்பதையும் மட்டும் எழுதியிருக்கிறேன், மற்றபடி ஒரு சொல் நான் எழுதவில்லை. சட்டையைக் கழற்றி அதைப் போர்த்திக் கொண்டுவந்தாயே, அப்போது மனசில் என்ன இருந்ததோ அதை எழுது. எனக்காக மாற்றி எழுதாதே, அப்பாவுக்காகவும் மாற்றாதே. பள்ளிவாசலுக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தால் அப்படியே எழுது, நான் மறுபேச்சுப் பேசமாட்டேன், ஒரு தடவை பேசியது போதும். அன்றைக்கே உன்னைக் கேட்டிருக்கவேண்டியது, இரண்டு வருஷமும் கடலும் கடந்து இப்போது கேட்கிறேன். உன்னிடம் கேட்கவேண்டியது இன்னொன்றும் இருக்கிறது, அது உனக்குத் தெரியும், அதற்குக் காகிதத்தில் பதில் வேண்டாம், அடுத்த தடவை அப்பா போனை என் கையில் கொடுக்கும்போது ஸலாம் சொன்ன பிறகு ஒரு நிமிஷம் வைக்காமல் இரு, அது போதும்.

நீ நான்காக மடித்து வைத்த அந்தப் படிவமும் படமும் என் குர்ஆன் உறைக்குள் பத்திரமாக இருக்கின்றன, மடிப்பில்கூடக் கிழியவில்லை. கருவாடு இரண்டு பொட்டலம் அனுப்பியிருக்கிறேன், ஒன்று உனக்கு, ஒன்று உன்னோடு தங்கியிருக்கும் பிள்ளைகளுக்கு, நீயே இரண்டையும் தின்றுவிடாதே. கூரையில் ஏறும்போது இடுப்பில் கயிறு கட்டிக்கொள், நடு மத்தியானத்தில் ஏறாதே, தண்ணீர் குடி, செருப்பில்லாமல் தகரத்தில் கால் வைக்காதே. அல்லாஹ் உன் கையையும் காலையும் கண்ணையும் காப்பானாக, நீ ஏறுகிற கூரையெல்லாம் உன்னைப் பத்திரமாக இறக்கிவிடட்டும், உன் மூச்சு உன் அப்பாவின் மூச்சைவிட நீளமாக இருக்கட்டும், அவருடையதும் குறையாமல் இருக்கட்டும். தாளில் பென்சிலால் எழுதாதே, பேனாவால் எழுது, தேதி போட மறக்காதே. இன்றைய நோட்டை இன்னும் எழுதவில்லை, இங்கேயே எழுதிவிடுகிறேன், பிறகு பார்த்து எழுதிக்கொள்வேன். பெட்டி நிரம்பியது ஒன்பது இருபது. இன்ஜின் ஆரம்பம் ஒன்பது நாற்பது. சத்தம் இங்கே கேட்டுக்கொண்டிருக்கிறது.

நம் ஊரில் தலைப்பிள்ளை பிறந்த அன்று பெற்றவளின் பெயர் போய்விடும், தகப்பன் அமாக், தாய் இனாக் என்று பிள்ளையின் பெயரோடு சேர்த்ததே பெயராகிவிடும். இருபத்தாறு வருஷமாக ஊர் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறது, நீ போன பிறகும் அதை மாற்றவில்லை, இனாக் ருமினிகூட மாற்றவில்லை. அந்தப் பெயரிலேயே ஒப்பமிடுகிறேன்.

சப்வானின் தாய்,
இனாக் சப்வான்